மலையகத்தில் இருந்து ஐதரசன் அல்பா ஒளியில் சூரியனைப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, பிள்ளைகளை வரிசையில் விட்டு, முதலாவது பிள்ளை கண்ணை வைத்ததும் அனேகமாக வரும் பதில் இதுதான்: “சேர், சும்மா செவப்பாத்தான் இருக்கு.” அந்தப் பிள்ளை சொல்வது உண்மை. கருவியிலும் கோளாறு இல்லை, பிள்ளையின் கண்ணிலும் கோளாறு இல்லை. பில்டர் ஐதரசன் அல்பா என்ற அந்த ஒரு சிவப்பு ஒளிக்கோட்டில் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான். கொழும்பில் நன்றாக வேலை செய்த கருவி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ ஏறி வந்ததும் வெறும் சிவப்பு வட்டத்தைக் காட்டுவதற்கும் இதே காரணம்தான். புதிதாகத் தொடங்கும் பலர் இந்த இடத்தில் மனம் விட்டு, கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதை நம்பித்தான் நிற்கிறது.

1. எந்த பில்டர் எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சூரியனைப் பார்க்க இரண்டு வகைப் பில்டர்கள் உண்டு. ஒன்று வெள்ளொளி பில்டர். வெள்ளிப்படலம் போலத் தொலைநோக்கியின் வாயை மூடிக்கொண்டு எல்லா நிறத்தையும் ஒரேயடியாகக் குறைத்துவிடும். கண்ணால் பார்ப்பதற்கான பாடர் கம்பனியின் படலம் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது. அதில் சூரியப் புள்ளிகள் தெரியும், ஒளிமண்டலம், அதாவது சூரியனின் பிரகாசமான மேற்பரப்பு, தெரியும். அதற்கு மேல் இருக்கும் நிறமண்டலம் என்ற அடுக்கு தெரியாது, ஏனென்றால் அதன் மெல்லிய ஒளி கீழிருந்து வரும் வெளிச்சத்தில் மூழ்கிவிடுகிறது.

இரண்டாவது ஐதரசன் அல்பா பில்டர். ஐதரசன் அணுவின் இலத்திரன் மூன்றாம் மட்டத்தில் இருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது வரும் சிவப்பு ஒளி 656.28 நனோமீற்றர் அலைநீளத்தில் இருக்கிறது. நிறமண்டலம் தன்னைக் காட்டுவது இந்தக் கோட்டில்தான். அந்தக் கோட்டை மட்டும் பிரித்தெடுக்க ஒரு அங்ஸ்ட்ரொமுக்கும் குறைவான அகலமுள்ள பில்டர் வேண்டும். ஒரு அங்ஸ்ட்ரொம் என்பது 0.1 நனோமீற்றர். நல்ல கருவிகள் 0.7 அங்ஸ்ட்ரொம் அளவில் இருக்கும்.

இப்போது ஆபத்தான குழப்பத்துக்கு வருவோம். இரவில் நெபுலாக்களைப் படம் பிடிக்கவும் “ஐதரசன் அல்பா பில்டர்” என்று ஒன்று விற்கிறார்கள், விலையும் குறைவு. அதன் அகலம் 7 நனோமீற்றர், அதாவது 70 அங்ஸ்ட்ரொம். பெயர் ஒன்றுதான், ஆனால் சூரிய பில்டரைவிட நூறு மடங்கு அகலம். அதைத் தொலைநோக்கியில் மாட்டிச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை, அதனால் எரியும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் ஆசையாக வாங்கி வந்த அந்தப் பில்டரை என் கையில் தந்து “பொருத்துவோமா” என்று கேட்ட நாளில் இருந்து, யார் என்ன கொண்டு வந்தாலும் அதன் அகலம் எத்தனை என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்துக்கு வாங்கிய அட்டைக் கண்ணாடி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் இதே ஆபத்துத்தான். தொலைநோக்கி குவிக்கும் வெப்பம் அந்தப் படலத்தைக் கணத்தில் ஓட்டை போட்டுவிடும். மலிவான தொலைநோக்கிகளோடு வரும், ஐபீஸில் (கண்ணை வைக்கும் வில்லையில்) திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். அது சூட்டில் வெடிக்கும்.

2. கருவியைத் தெரிவு செய்தல்

ஐதரசன் அல்பா கருவியில் மூன்று பகுதிகள் ஒன்றாக வேலை செய்கின்றன. முன்னால் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி, நடுவில் எட்டலோன், பின்னால் பிளொக்கிங் பில்டர். எட்டலோன் என்பது மிக நெருக்கமாக, மிகச் சமாந்தரமாக வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகள். அது ஒரு கோட்டை மட்டும் விடுவதில்லை, சீப்பின் பற்கள் மாதிரி இடைவெளி விட்டுப் பல கோடுகளை விடும். அதில் நமக்கு வேண்டிய ஒரு பல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவது பிளொக்கிங் பில்டரின் வேலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சூரியத் தொலைநோக்கி இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது படியில் திரும்ப வரும்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது, எல்லாம் ஒன்றாகப் பொருத்தி வரும் சிறிய சூரியத் தொலைநோக்கி. கொரொனாடோ பி.எஸ்.டி. 40 மில்லிமீற்றர் வாயும் 400 மில்லிமீற்றர் குவியத் தூரமும் கொண்டது. லண்ட் கம்பனியின் 40, 50 மில்லிமீற்றர் கருவிகளும் உண்டு. அடுத்த வழி டேஸ்டார் குவார்க். அதை ஏற்கெனவே உங்களிடம் உள்ள வில்லைத் தொலைநோக்கியின் பின்னால், ஐபீஸ் வைக்கும் இடத்தில் செருகலாம். அதற்குள் 4.2 மடங்கு பெருக்கி இருப்பதால், குவியத் தூரம் 450 மில்லிமீற்றருக்கு மேல் போனால் முழுச் சூரியனும் ஒரே பார்வையில் அடங்காது. ஆடித் தொலைநோக்கியில், வாயை முழுதாக மூடும் வெப்பத்தடுப்பு பில்டர் இல்லாமல், குவார்க்கைப் பொருத்தவே கூடாது.

பிளொக்கிங் பில்டரின் அளவைப் பார்த்து வாங்குங்கள். குவியத் தூரத்தை 100ஆல் வகுத்தால் வேண்டிய மில்லிமீற்றர் ஏறக்குறைய வந்துவிடும். 400க்கு 4, ஆகவே 5 மில்லிமீற்றர் பில்டர் தாராளம்.

பாவித்த கருவி வாங்குவதானால் இன்னொரு கேள்வி: எட்டலோனின் இடைவெளியில் இருப்பது வளியா, திண்மப் பொருளா? வளி என்றால் மலைக்கு ஏறும்போது அது நகரும். எட்டாவது படியைப் படித்துவிட்டு காசைக் கொடுங்கள்.

3. மாதம், நேரம், இடம்

நம் மலைநாட்டுக்கு இரண்டு முகம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்தக் காலத்தில் சூரியனைக் காண்பதே பெரிய காரியம். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் தலைகீழ். வடகீழ்ப் பருவமழையில் அங்கே நனையும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும்போது வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காற்று ட்ரைபொட்டை நடுங்க வைக்கும், கட்டட மறைவு தேவை.

நாளில் எந்த நேரம்? காலை 8 மணியில் இருந்து 10 மணி வரை. அதற்கு முன் சூரியன் தாழ்வாக இருப்பதால் ஒளி தடித்த வளியூடாக வர வேண்டும், உருவம் தண்ணீருக்குள் கிடப்பது போல் ஆடும். பத்தரைக்குப் பிறகு நிலம் சூடாகிப் பள்ளத்தாக்கில் இருந்து மூட்டம் மேலே ஏறத் தொடங்கும். ஏப்ரல் மாதம் காலையில் பளிச்சென்று இருந்துவிட்டு மதியத்துக்குப் பின் இடி இடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதனால் “மத்தியானம் பார்ப்போம்” என்று தள்ளிப் போடாதீர்கள்.

இடம் தெரிவு செய்வதில் புதியவர்கள் விடும் பிழை, வசதிக்காக லயத்து வாசலிலோ சீமெந்துத் தரையிலோ நிறுத்துவது. தகரக் கூரை காலை எட்டரைக்கே கொதிக்கத் தொடங்கும். அதன் மேலால் பார்த்தால் சூரியனின் விளிம்பு கொதிக்கும் கஞ்சி மாதிரி இருக்கும். கிழக்குப் பக்கம் தேயிலைச் செடிகளோ புல்லோ இருக்கும் இடமாகப் பாருங்கள், பச்சை மெதுவாகச் சூடாகும். தண்ணீர் இன்னும் நல்லது. இந்தியாவின் உதயப்பூரில் சூரிய ஆய்வகத்தை ஏரிக்கு நடுவே கட்டியது இதனால்தான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் மேற்குக் கரையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், காலைச் சூரியன் தண்ணீருக்கு மேலால் வருகிறது.

வானம் தெளிவா என்று பார்க்க ஒரு வழி: கூரை விளிம்பால் சூரியனை முழுதாக மறைத்துக்கொண்டு அதை ஒட்டிய வானத்தைப் பாருங்கள். விளிம்பு வரைக்கும் நீலமாக இருந்தால் அருமையான நாள். பால் போல வெள்ளையாக இருந்தால் மெல்லிய முகில் இருக்கிறது, சூரியனின் விளிம்பில் எழும் சுடர்கள் மங்கும். இரவு மழை பெய்து விட்ட மறுநாள் காலை தவறவிடவே கூடாதது.

4. வெளியே எடுக்கும் முன் பில்டர் சோதனை

இதை வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில் செய்யுங்கள். வெளியே போய், ஆட்கள் சுற்றி நிற்கும்போது அவசரத்தில் செய்ய முடியாது.

முன் கண்ணாடியில் கீறல், படலம் உரிதல், துரு போன்ற புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். பிறகு ஐபீஸைக் கழற்றி அந்தத் துளைக்குள் பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பழைய பி.எஸ்.டி. கருவிகளில் உள்ளே இருக்கும் ஒரு பில்டர் காலப்போக்கில் பால் மாதிரி மங்கிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு அது இன்னும் சீக்கிரம். அப்படி மங்கியிருந்தால் அந்தக் கருவியை மாற்றுப் பில்டர் வரும்வரை பாவிக்காதீர்கள்.

அடுத்து டயகனல். முழங்கை போல வளைந்த இந்தப் பகுதிக்குள்தான் பல கருவிகளில் பிளொக்கிங் பில்டர் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரவுத் தொலைநோக்கியின் டயகனல் மாதிரியே இருக்கும். பெட்டியில் இரண்டும் சேர்ந்து கிடந்தால் மாறிப்போகும், மாறினால் பின்னால் எந்தத் தடுப்பும் இல்லை. நான் சூரிய டயகனலைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

5. தாங்கியை நிறுத்துதல்

இரவில் பாவிக்கும், பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் இக்குவட்டோரியல் தாங்கி இருந்தால், ஒரு சிக்கல். அதன் அச்சை துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். நாம் இருப்பது வடக்கு 7 பாகையில், அதாவது அச்சு கிட்டத்தட்ட படுத்தே இருக்கும். பல தாங்கிகள் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எடைக்கம்பி ட்ரைபொட்டின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ மலைமுகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆகவே மேல்-கீழ், இடம்-வலம் என்று இரண்டு பக்கம் மட்டும் திரும்பும் எளிய தாங்கியே போதும், அதையே நான் விரும்புகிறேன்.

ட்ரைபொட்டின் கால்களை முழுதாக நீட்டாதீர்கள். பிள்ளைகள் எட்டும் உயரத்தில் இருக்கட்டும், ஆட்டமும் குறையும். சரிவான நிலம் என்றால் ஒரு கால் பள்ளத்தை நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் யாராவது தட்டினாலும் கவிழாது.

குவார்க் பாவிப்பவர்கள் இந்த இடத்தில் மின்சாரத்தைக் கொடுத்துவிடுங்கள். 5 வோல்ட், 1.5 அம்பியர் தரக்கூடிய பவர் பேங்க் வேண்டும். அதன் எட்டலோன் சூடாகித்தான் கோட்டுக்கு வரும், விளக்கு பச்சையாகும் வரை பத்து நிமிடம் அளவில் போகும். நுவரெலியாக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். தாங்கி வேலையை முடிப்பதற்குள் அது தயாராகிவிட்டால் நேரம் மிச்சம்.

6. சூரியனைப் பிடித்தல்

சாதாரண குறிபார்க்கும் குழாய் பொருத்தியிருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். மூடி வைத்தால் போதாது, யாராவது பிள்ளை மூடியைத் திறந்து பார்க்கும்.

தொலைநோக்கியின் நிழலைத் தரையில் பாருங்கள். குழாய் சூரியனுக்கு நேராக வரும்போது நிழல் சுருங்கி வட்டமாகும். அப்புறம்தான் ஐபீஸில் கண். சூரியன் தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். ஆகவே தானாகத் திரும்பும் தாங்கி இல்லையென்றால் ஒவ்வொரு ஆளுக்கும் இடையில் நீங்கள் ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் பத்தாவது பிள்ளை இருட்டைத்தான் பார்க்கும்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பின்னும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலால் போகிறது. அந்த நாட்களில் மதியம் எளிய தாங்கியால் அதைத் தொடரவே முடியாது. காலையில் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. முதலில் குவியம், பிறகுதான் ட்யூன்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். படம் மங்கலாக இருக்கும்போது, பில்டரைக் கோட்டுக்குக் கொண்டுவரும் ட்யூன் வளையத்தைத் திருப்பினால் எது மாறியது என்று கண்ணுக்குப் புரியாது.

குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். 400 மில்லிமீற்றர் கருவிக்கு 20 மில்லிமீற்றர் ஐபீஸ், 20 மடங்கு. சூரியனின் விளிம்பை எடுத்துக்கொண்டு, அது வெட்டினாற்போல் கூர்மையாகும் வரை குவியக் குமிழைத் திருப்புங்கள். நடுவில் குவியம் பார்க்காதீர்கள், அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விளிம்பு சரியானதும் 10 அல்லது 8 மில்லிமீற்றருக்குப் போகலாம். 40, 50 மடங்குக்கு மேல் சிறிய கருவியில் பிரயோசனம் இல்லை, இருட்டும் ஆட்டமும்தான் கூடும்.

8. ட்யூன் செய்தல்

இங்கே நேரம் எடுங்கள். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

வளி இடைவெளி உள்ள எட்டலோன் எந்த அலைநீளத்தை விடும் என்பது தகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் பொறுத்ததில்லை, நடுவில் உள்ள வளியின் முறிவுச் சுட்டியையும் (அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவையும்) பொறுத்தது. மேலே ஏற ஏற வளி ஐதாகிறது, முறிவுச் சுட்டி குறைகிறது, எட்டலோன் விடும் கோடு நீலப் பக்கம் நகர்கிறது. கொழும்புக் கடற்கரைக்கும் 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கும் இடையே, அமுக்கத்தையும் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நகர்வு சுமார் 0.3 அங்ஸ்ட்ரொம் வரும். கேட்கச் சின்ன எண். ஆனால் பில்டரின் மொத்த அகலமே 0.7! பாதியளவு விலகிவிட்டது. ரேடியோவில் முள் கொஞ்சம் தள்ளி நின்றால் பாட்டுக்குப் பதில் இரைச்சல் கேட்குமே, அதே கதை. ஹட்டனில் இந்த நகர்வு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இனி, உங்கள் கருவி எந்த முறையில் ட்யூன் ஆகிறது என்று பாருங்கள்.

சாய்க்கும் முறை: ஒரு சக்கரத்தைத் திருப்பினால் எட்டலோன் சற்றுச் சாயும். சாய்த்தால் கோடு எப்போதும் நீலப் பக்கமே போகும், சிவப்புப் பக்கம் போகாது. உயரமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. எனவே கீழே பாவித்த இடத்தைவிட மலையில் சாய்வைக் குறைக்க வேண்டும். சாய்வே இல்லாத நிலைக்கு வந்தும் கோடு பிடிபடவில்லை என்றால் அந்த எட்டலோன் இந்த உயரத்துக்குச் சரிவராது. பாவித்த கருவி வாங்கும்போது கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அமுக்க முறை: லண்ட் 50 போன்றவற்றில் ஒரு திருகுமுனை, மூடிய அறைக்குள் உள்ள வளியை அமுக்கும். மலைக்கு வந்ததும் அந்தத் திருகை முழுதாகக் கழற்றி, உள்ளே வெளியே அமுக்கம் சமமாக விட்டு, பிறகு மாட்டி மெதுவாகத் திருகிக்கொண்டு போங்கள். அமுக்கினால் கோடு சிவப்புப் பக்கம் வரும். கீழே திருகியதைவிட இங்கே கூடுதல் சுற்று வேண்டும். கண்டியில் இருந்து மூடியபடியே கொண்டுவந்து அப்படியே பாவிப்பவர்கள் உண்டு. சில நேரம் சரியாக இருக்கும், ஆனால் சூடு மாறும், மெல்லக் கசிந்தும் போகும், அதனால் அந்த அளவை நம்ப முடியாது. புதிதாகத் தொடங்குவதே நல்லது.

வெப்ப முறை: குவார்க் போன்றது. அதன் இடைவெளியில் இருப்பது மைக்காத் தகடு, உயரம் அதை ஒன்றும் செய்யாது. குமிழின் ஒவ்வொரு படியும் 0.1 அங்ஸ்ட்ரொம். ஒரு படி திருப்பினால் சில நிமிடம் பொறுங்கள், விளக்கு மறுபடி பச்சையாகும் வரை. பொறுமை இல்லாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போகும்.

சரி, கோட்டில் வந்துவிட்டோமா என்று எப்படி அறிவது? வெளிச்சத்தைப் பாருங்கள். ஐதரசன் அல்பா என்பது சூரிய நிறமாலையில் ஒரு கறுப்புக் கோடு. ஆகவே சரியான இடத்தில் சூரியவட்டம் பிரகாசமாக இருக்காது, இருப்பதிலேயே மங்கலாக இருக்கும். புதியவர்கள் பிரகாசமான இடத்தைத் தேடி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது கோட்டுக்கு வெளியே. மெதுவாகத் திருப்புங்கள், வட்டம் மங்கி, பிறகு மறுபடி வெளுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அங்கே வட்டம் வழுவழுப்பாக இல்லாமல், ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாகத் தெரியும், கரும் இழைகள் ஆழமாகக் கறுக்கும்.

இன்னொரு அடையாளம் விளிம்பில். கோட்டுக்கு வெளியே நின்றால் பிரகாசமான வட்டத்தைச் சுற்றி மங்கிய இரண்டாவது விளிம்பு ஒன்று தெரியும். உள்ளே இருப்பது கசிந்து வரும் ஒளிமண்டல ஒளி, வெளியே இருப்பது நிறமண்டலம். கோட்டில் நன்றாக உட்காரும்போது இரட்டை விளிம்பு மறைந்து, சிறு சிறு முட்கள் நிமிர்ந்த ஒரே விளிம்பாகிவிடும்.

சிறிய கருவிகளில் வட்டம் முழுவதும் ஒரே சீராகக் கோட்டில் இருக்காது. ஒரு பகுதி நன்றாகவும் மற்றப் பகுதி வெளுத்தும் இருக்கும். அது பழுதில்லை. நீங்கள் பார்க்க விரும்பும் இடத்தை அந்த நல்ல பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள்.

ட்யூன் ஆனதும் குவியத்தை இன்னொருமுறை தொடுங்கள்.

9. பார்ப்பது

கண்ணுக்கு நேரம் கொடுங்கள். 656 நனோமீற்றர் ஆழ்ந்த சிவப்பு. பச்சை ஒளிக்கு நம் கண் காட்டும் உணர்வில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடையாது. பக்கவாட்டில் வெயில் அடித்தால் கண்ணின் மணி சுருங்கி, நுட்பமானது எதுவும் தெரியாது. தலையோடு சேர்த்துக் கறுத்தத் துணியால் மூடுங்கள். நான் பாவிப்பது கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, கனமாக இருப்பதால் வெளிச்சம் உள்ளே வராது. வெயில் ஏறிய பின் உள்ளே புழுங்கும், அப்போது மேலே ஒரு வெள்ளைத் துணியையும் போட்டுக்கொள்ளலாம். ஒரு நிமிடமாவது உள்ளே இருந்தால்தான் கண் பழகும். வரிசையை வேகமாக நகர்த்தி, ஆளுக்கு ஐந்து செக்கன் கொடுத்தால் “செவப்பாத்தான் இருக்கு” மறுபடி வரும். அதைவிட பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுவது மேல்.

என்ன பார்க்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தரையில் வரைந்து காட்டுங்கள். விளிம்பில் எழுந்து நிற்பது புரொமினன்ஸ், காந்தப் புலம் தாங்கிப் பிடித்திருக்கும் வாயுச் சுடர். அதே சுடர் சூரிய வட்டத்துக்கு நேரே வரும்போது பின்னால் உள்ள வெளிச்சத்துக்கு முன் கறுப்பு நூலாகத் தெரியும், அதை இழை என்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். சூரியப் புள்ளிகளைச் சுற்றி வெளுத்துக் கிடக்கும் திட்டு பிளாஜ். திடீரென்று அதில் ஒரு இடம் பளிச்சிட்டால், அது சூரியப் பிழம்பு. யாரையும் கருவியைத் தொட விடாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மாறி மாறிப் பாருங்கள்.

அளவு புரிய வைக்க நான் சாப்பாட்டுத் தட்டு ஒன்றும் ஒரு கடுகும் கொண்டு போவேன். சூரியனின் குறுக்களவில் 109 பூமிகளை அடுக்கலாம், தட்டு சூரியன் என்றால் கடுகு பூமி. பிறகு அவர்களே விளிம்பில் உள்ள சுடரைப் பார்த்து எத்தனை கடுகு உயரம் என்று சொல்வார்கள்.

நகரும் பொருளின் ஒளி அலைநீளம் மாறி வருவதை டொப்ளர் விளைவு என்பார்கள், அதனால் நகரும் சுடர்கள் கோட்டை விட்டு விலகும். வினாடிக்கு சுமார் 46 கிலோமீற்றர் வேகத்துக்கு ஒரு அங்ஸ்ட்ரொம். ஆகவே விளிம்பில் பாதி மட்டும் தெரியும் சுடர் ஒன்றைக் கண்டால் ட்யூனை இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள், மறைந்திருந்த மீதி வெளியே வரும்.

பார்த்தது சரியா என்று ஒப்பிட, கோங் என்ற சூரிய ஆய்வு வலையமைப்பின் ஐதரசன் அல்பா படங்கள் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன. உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள், அதில் ஒன்று உதயப்பூர், நம் பகல்தான் அவர்களுக்கும் பகல். காலையில் புறப்படும் முன் போனில் அதைத் திறந்து எந்தப் பக்க விளிம்பில் சுடர் இருக்கிறது என்று பார்த்துவிட்டால், தேடும் நேரம் மிச்சம். உங்கள் கருவியில் படம் தலைகீழாகவோ கண்ணாடி பிரதிபலிப்பாகவோ இருக்கலாம், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

10. படம் எடுத்தல்

போனை ஐபீஸில் பிடித்தே தொடங்கலாம், ஒரு தாங்கி இருந்தால் நல்லது. போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி வட்டத்தை வெளுப்பாக்கிவிடும், அதைக் கையால் குறையுங்கள். சுடருக்கு ஒரு படம், வட்டத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியே எடுங்கள். சுடர் அவ்வளவு மங்கல், ஒன்றாக எடுத்தால் இரண்டில் ஒன்று கெடும்.

கமரா வாங்குவதானால் கறுப்பு வெள்ளைக் கமரா. நிறக் கமராவில் நாலில் ஒரு புள்ளிதான் சிவப்பு, மீதி மூன்றும் இங்கே சும்மா இருக்கும். வீடியோவாக எடுத்து, வளி அமைதியாக இருந்த சட்டகங்களை மட்டும் அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளில் போடுங்கள். படத்தில் வரிவரியாகக் கோடுகள் வந்தால் கமராவைச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள், போய்விடும்.

11. மூடி வைப்பது

அதிகாலையில் கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்காதீர்கள். படலம் கீறும். மூடியைத் திறந்து வெயிலில் விட்டால் தானாகக் காயும். ஆனால் அப்படி விடும்போது கருவியை விட்டு விலகாதீர்கள், ஐபீஸின் மூடியையும் போட்டு வையுங்கள்.

மலைநாட்டில் கருவியைக் கொல்வது வெயில் இல்லை, ஈரம். மழைக்காலத்தில் மூன்று மாதம் திறக்காமல் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் படரும். கருவியோடு வந்த நுரைப் பெட்டியை நம்பாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், நன்றாகக் காய்ந்த பிறகு, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமைக்கப் பாவிக்காத பழைய சட்டியில், சின்ன நெருப்பில், மறுபடி நீலமாகும் வரை வறுத்து, ஆறவிட்டுப் போடலாம். மழை விடாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து அந்த நிறத்தைப் பாருங்கள், பார்க்கும்போதே பிளொக்கிங் பில்டரையும் விளக்குக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.